2பி-யில் வராத பில்

விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை நடத்தும் எனக்கு, அக்டோபரில் சின்னாளப்பட்டியிலிருந்து வாங்கிய சேலைகளின் பில், விற்றவர்கள் ஏற்றும் பில்களை வாங்கியவருக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வராததால், உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை) நான் கட்டவேண்டிய வரியிலிருந்து கழிக்க முடியவில்லை. ஜிஎஸ்டி எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். ஆடிட்டர் மறுபடி பதிவிறக்கிப் பார்த்தார். விற்றவரோ வரி கட்டிய சலானையே அனுப்பிவைத்தார்.

பல நாள் வீணானபின், காலையில் டீக்கடையில் கூடும் வியாபாரிகளிடம் சொன்னபோது, பாத்திரக்கடை அண்ணாச்சி, "விற்றவர் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வது மாதமா, காலாண்டா?" என்று கேட்டார். ஜிஎஸ்டி தளத்தில் விற்றவரின் எண்ணைத் தேடினால் காலாண்டு என்றிருந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் மாதந்தோறும் வரி கட்டினாலும், காலாண்டின் முதல் இரு மாதங்களுக்கு, அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் (காலாண்டுத் தாக்கலுக்கு முன்பே பில் விவரங்களை ஏற்றும் வசதி) வழியே பில்லை ஏற்றினால்தான் 14-ஆம் தேதி உருவாகும் 2பி-யில் அது தெரியும். சலானில் பில் விவரமே இருக்காது என்பதைத்தான் எல்லோரும் கவனிக்கத் தவறுகிறோம்.

நவம்பர் ஐஎஃப்எஃப்-இல் அந்தப் பில்லையும் சேர்க்கும்படி விற்றவரிடம் கேட்டுக்கொண்டேன். டிசம்பர் 14-ஆம் தேதி அது வந்துவிட்டது, பெரும் நிம்மதி.