கார்கோ தடுப்பின் கடகட சத்தம்: என் அனுபவம்

என் வேகன் காரின் பின் சீட்டுக்குப் பின்னால், சாமான்கள் முன்னால் பாயாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பு (கார்கோ தடுப்பு) மாட்டியதிலிருந்து ஒரே கடகட. அதுவும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால்தான். போல்ட்டை முறுக்கினேன், இரண்டு நாள் அமைதி, மறுபடி சத்தம். ஓரங்களில் ரப்பர் ஒட்டியும் பயனில்லை. மூன்றாவது முறையும் அதே மேல் போல்ட் தளர்ந்திருந்தது.

கழற்றிப் பார்த்தால், தடுப்பைத் தாங்கும் பிராக்கெட் காரின் தகரத்தில் உட்காரவே இல்லை! நடுவில் கூரை உறையின் பஞ்சு. அது அமுங்க அமுங்க போல்ட் எப்படி இறுகி நிற்கும்? தடுப்பு வந்த பெட்டியில் மிச்சமென்று நான் ஒதுக்கிய இரண்டு குட்டி இரும்புக் குழாய்கள் அந்த இடைவெளிக்குத்தான். அவற்றை நுழைத்து, நான்கு போல்ட்டையும் முதலில் கையால் திருகி, அப்புறம் இறுக்கினேன். சத்தம் போயே போச்சு.