ஷவர் ஹீட்டருக்கு எந்த எம்.சி.பி., எந்த ஆர்.சி.சி.பி.?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் ஷவருக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. போடணும் என்றுதான். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், அது காப்பாற்றுவது ஒயரை. குளிக்கிற ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

ஹீட்டர் ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸை 230-ஆல் வகுங்கள். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. போதும். 4.5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். 4 சதுர மி.மீ. ஒயர், 25 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, பிளக் இல்லாமல், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் வழியாக நேரடியாக இணைக்க வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு எம்.சி.பி.யை மட்டும் 32-க்கு மாற்றச் சொன்னால், யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சுவருக்குள் ஒயர் சூடாகி இன்சுலேஷன் உருகினாலும் அந்த எம்.சி.பி. அசையாது.

அப்புறம் ஆர்.சி.சி.பி. நம்ம ஏரியா போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது ஹீட்டருக்குள் சூடேறும் காயில் மேல் படிந்து படிந்து அதன் உறை வெடித்தால், உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி நனைந்து கரண்ட் தண்ணீரிலும் ஹீட்டர் பாடியிலும் கசியும். எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வையுங்கள்: எர்த்தில் போவது பதினொன்றரை ஆம்பியர்தான், அதற்கெல்லாம் 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழாது, பாடியிலோ ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கான ஆர்.சி.சி.பி.யோ கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். கடையில் 100, 300 மில்லிஆம்பியரும் கிடைக்கும், பாத்ரூமுக்கு அது வேண்டாம்.

ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு தெரியாது, கூடவே எம்.சி.பி. இருந்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. ஒன்றை ஹீட்டருக்கென்று தனியாகப் போடுவதுதான் என் சிபாரிசு, விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது. டிஸ்ப்ளே, எலக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ள ஹீட்டர் என்றால் அந்த ஆர்.சி.பி.ஓ.வில் டைப் ஏ ரகம் கேட்டு வாங்குங்கள். ஹீட்டர் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு சேர்த்துக் கட்டினால் காரணமில்லாமல் விழும், கடைசியில் யாராவது அதை பைபாஸ் பண்ணிவிடுவார்கள்.

எர்த்தை மறக்காதீர்கள். கடற்காற்றில் எர்த் பைப் போல்ட் துருப்பிடித்து ஒயர் சும்மா தொங்கும். எர்த் இருந்தால் நீங்கள் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழும், இல்லாவிட்டால் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போன பிறகுதான். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், ஆனால் அது எர்த்தைச் சோதிக்காது, எலக்ட்ரீஷியனிடம் அதைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தியும் விழாவிட்டால், புதிது மாட்டும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.