மென்களிமண்ணில் மெட்ரோ சுரங்கம்: அழுத்தமானி காட்டிக்கொடுக்காத தவறுகள்

மென்களிமண்ணைத் தோண்டுவது சுலபம். பாறையில் போல சுரங்க இயந்திரத்தின் கட்டர் (வெட்டுக்கருவி) தேய்வதில்லை, வேகமும் கிடைக்கும். ஆனால் இந்த மண்ணில் செய்த தவறு பல நேரம் அன்றே தெரியாது. மேலே உள்ள சுவரில் விரிசல் விழும்போது இயந்திரம் சில நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

அதிகம் நடக்கும் தவறு, முகப்பு (இயந்திரத்துக்கு முன்னால் உள்ள மண்சுவர்) சரியாமல் இருந்தாலே, அதைத் தாங்க இயந்திரம் தரும் அழுத்தம் போதும் என்று நினைப்பது. சுரங்க அச்சு 20 மீட்டர் ஆழத்தில், மண்ணின் எடை கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன், வடியாத நிலை வெட்டு வலிமை (உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமில்லாதபோது மண் நழுவாமல் தாங்கும் வலிமை) 30 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். மேல்மண் பாரம் 320 கிலோபாஸ்கல். இதில் முகப்பு அழுத்தத்தைக் கழித்து வெட்டு வலிமையால் வகுத்தால் வருவது நிலைத்தன்மை எண். அது 6-ஐத் தாண்டினால் முகப்பு சரியும் என்பது பொதுவான அளவுகோல். அந்தக் கணக்கில் 1.4 பார் (140 கிலோபாஸ்கல்) போதும். ஆனால் அந்த அழுத்தத்தில் மண் இயந்திரத்துக்குள் மெல்லப் பிதுங்கி வந்துகொண்டேயிருக்கும். தரை இறங்காமல் இருக்க எண் 2 அளவில் நிற்கவேண்டும், அதற்கு 2.6 பார் தேவை. அதற்காக அழுத்தத்தைத் தாராளமாக ஏற்றிவிடவும் கூடாது. தரை மேலெழும்பும், களிமண் பிசையப்பட்டு வலிமை இழக்கும், உயர்ந்த நீரழுத்தம் வடியும்போது தரை மாதக்கணக்கில் இறங்கும்.

அழுத்தத்தை மட்டும் பார்த்து மண்ணின் அளவை மறப்பதும் அதே வகைதான். 6.6 மீட்டர் விட்டத்தில், 1.4 மீட்டர் அகல ரிங் (சுரங்கச் சுவராகப் பொருத்தும் கான்கிரீட் வளையம்) ஒன்றுக்கு வெளியேற வேண்டியது சுமார் 48 கன மீட்டர். மண்ணை வெளியேற்றும் பெல்ட்டின் எடைமானியில் ஒவ்வொரு ரிங்குக்கும் இதைச் சரிபார்க்க வேண்டும். 1 சதவீதம் கூடுதலாக எடுத்தாலே, மேலே சொன்ன ஆழத்தில் தரை நடுவில் சுமார் 14 மில்லிமீட்டர் இறங்கும். 2 சதவீதம் என்றால் இரட்டிப்பு.

இயந்திரத்தின் வால்பகுதி இன்னும் மோசம். வெளிவிட்டம் 6.35 மீட்டர் உள்ள ரிங்கைச் சுற்றி ரிங்குக்கு சுமார் 3.6 கன மீட்டர் வெற்றிடம் மிஞ்சுகிறது. முகப்பை எவ்வளவு கவனமாகக் காத்தாலும், இந்த இடைவெளி நிரம்பாவிட்டால் மண் இழப்பு 7 சதவீதத்தைத் தாண்டும். கிரவுட்டை (இடைவெளியை நிரப்பும் கலவை) இயந்திரம் நகரும்போதே செலுத்த வேண்டும், நின்ற பிறகு அல்ல. விநாடிகளில் கெட்டியாகும் இரு கலவை கிரவுட் நல்லது. மெதுவாக இறுகும் கிரவுட்டில் ரிங் மிதந்து மேலே ஏறிவிடும். அளவு, அழுத்தம் இரண்டையும் ஒருசேரப் பதிவு செய்யுங்கள். அளவு குறைந்து அழுத்தம் மட்டும் ஏறினால் பெரும்பாலும் குழாய் அடைத்திருக்கிறது.

விடுமுறைக்கு இயந்திரத்தை அப்படியே நிறுத்திவைப்பதும் ஆபத்து. முகப்பை ஒட்டிய மண் அறையின் அழுத்தம் கசிந்து இறங்கும். பென்டோனைட் (ஒருவகைக் களிமண் குழம்பு) செலுத்தி அதைப் பிடித்து வைக்க ஆள் இருக்கவேண்டும்.

இரு சுரங்கங்களை இணைக்கும் குறுக்குவழிதான் உண்மையான பலவீனம். அங்கே களிமண் என்று நம்பி, நடுவே ஓடும் மெல்லிய வண்டல்மணல் அடுக்கைத் தவறவிடுகிறார்கள். 2003 ஜூலை 1 அன்று ஷாங்காய் மெட்ரோ 4-வது தடத்தில் மண்ணை உறையவைத்துக் குறுக்குவழி தோண்டும்போது நீரும் மணலும் பீறிட்டு, மேலிருந்த கட்டிடங்கள் சரிந்தன. உறைவின் வெப்பநிலையைக் குழாய்க்குக் குழாய் அளந்து, சோதனைத் துளையில் நீர் கசியவில்லை என்று உறுதியான பிறகே செக்மென்டை (ரிங்கின் கான்கிரீட் துண்டு) வெட்ட வேண்டும்.

நிலையத்துக்கான திறந்த பள்ளத்தில் தவறு கணினியிலேயே தொடங்கலாம். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் நிக்கோல் ஹைவே ஓரம் கடல்களிமண் பள்ளம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். நீர் வடியாத களிமண்ணுக்கு, நீர் வடிந்த நிலைக்கான வலிமை எண்களைக் கொடுத்ததால் மண் கணக்கில் உண்மையைவிட வலுவாகத் தெரிந்தது. பள்ளச் சுவர்களைத் தாங்கும் சட்டங்களின் இணைப்புகளும் போதிய வலிமையோடு இல்லை. மென்களிமண்ணுக்கு வடியாத நிலை வெட்டு வலிமையை நேரடியாகவே கொடுங்கள். அளந்த சுவர் வளைவு கணக்கை மீறினால், எச்சரிக்கை வரம்பை உயர்த்தாமல் தோண்டுவதை நிறுத்துங்கள்.