கிளினிக்கிலேயே எக்ஸ்ரேயும் ஸ்கேனும்: இயந்திரம் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தக் கிளினிக்கில் எக்ஸ்ரே போடலாமா என்று ஆலோசனை கேட்கும் டாக்டர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இப்போது ஒரு நாளைக்கு எத்தனை பேரை வெளியே எக்ஸ்ரேக்கு அனுப்புகிறீர்கள், சார்?" பெரும்பாலும் "பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்" என்பார்கள். ரிசப்ஷனில் ஒரு நோட்டைப் போட்டு மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் எண்ணிக்கை நாலு, ஐந்தில் நிற்கும். கூட்டம் அலைமோதிய நாட்கள்தான் மனதில் தங்குகின்றன. காற்று வாங்கிய நாட்கள் மறந்துபோகின்றன. நோட்டுப் போடாமல் கடன் வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு.

ஒரு கணக்குக்காக, அறையோடு சேர்த்து 20 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை மட்டும் சுமார் 44,500 ரூபாய். டெக்னீஷியன் சம்பளம், கரண்ட், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதச் செலவு 90,000 ரூபாயைத் தொடுகிறது என்று கொள்ளுங்கள். ஃபிலிம் செலவும் ரிப்போர்ட் கட்டணமும் போக ஒரு எக்ஸ்ரேக்கு 300 ரூபாய் கையில் நின்றால், மாதம் 300 படம் எடுக்க வேண்டும். 25 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 12. நோட்டில் இருப்பது நாலு. மீதி எட்டு எங்கிருந்து வரும் என்பதற்குக் கையெழுத்துப் போடும் முன்பே நேர்மையான பதில் வேண்டும். இந்தக் கேள்விக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

அடுத்தது, வரிசை மாறுவது. கண்காட்சியில் இயந்திரத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு அனுமதிக்கு அலைவார்கள். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்; அந்த வேலை முழுக்க வாரியத்தின் 'இலோரா' இணையதளம் வழியாக நடக்கிறது. வாரியம் ஒப்புதல் கொடுத்த மாடலாக இருக்க வேண்டும். இயந்திரத்தைப் பொருத்தி, தரச் சோதனை முடித்து, உரிமம் கையில் வந்த பிறகுதான் நோயாளிக்குப் படம் எடுக்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்புதல் இல்லாத பழைய மாடல் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வெறும் இரும்புதான். இயந்திரம் முந்தைய உரிமையாளர் பெயரிலிருந்து இலோராவில் முறைப்படி கைமாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை விஷயத்தில் ஒரு சம்பவம். ஒரு கிளினிக்கில் பழைய ஸ்டோர் ரூமை எக்ஸ்ரே அறையாக்கினார்கள். வெயிட்டிங் ஹாலுக்கும் அதற்கும் நடுவே நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். நெஞ்சு எக்ஸ்ரே ஸ்டாண்டை அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தார்கள். அதாவது கதிர் நேராகப் போய் விழும் திசையில். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரை இடித்துக் கட்டிய செலவைவிட, அந்த பெஞ்சைப் பார்த்த கணம்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நல்லவேளையாக, இயந்திரத்தை இயக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டோம். பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). அறை வரைபடம், ஸ்டாண்டின் திசை, ஈயத் தகடு பதித்த கதவு இவற்றை இயந்திரம் வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

மின்சாரமும் அப்படித்தான். 100 கிலோவோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் என்றால் அந்தக் கணத்துக்கு 30 கிலோவாட் இழுக்கும். கிளினிக்கின் ஈபி இணைப்பு அதைத் தாங்குமா, தனி எர்த்திங் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

டெக்னீஷியன் அணியும் டிஎல்டி பேட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்து, அவர் உடலில் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்வார்கள். அந்த பேட்ஜ் எக்ஸ்ரே அறையிலேயே ஆணியில் தொங்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படித் தொங்கினால் அது அளப்பது சுவர் வாங்கிய கதிரை. ஈய ஏப்ரனையும் மடித்து வைக்காதீர்கள். மடிப்பில் விரிசல் விடும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நாள் முழுக்க அந்த அறையில் நிற்பவர் அவர்தான்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, சட்டம்தான் கடுமை. பாலினத் தேர்வைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் 1994-இல் வந்தது, 2003-இல் திருத்தப்பட்டது. "நான் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பண்ணப் போவதில்லை, வயிற்றுவலிக்கு மட்டும்தான்" என்று சொல்லிப் பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய இயந்திரம் என்றாலே பதிவு கட்டாயம். பதிவில்லாத இடத்துக்கு அதை விற்பதே குற்றம். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இயந்திரம், இடம், ஸ்கேன் செய்யும் டாக்டர் என எது மாறுவதானாலும் 30 நாள் முன்பே மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கையடக்க ஸ்கேன் இயந்திரத்தைக் காரில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போவதெல்லாம் கூடாது.

இதில் அதிகம் பேரைச் சிக்கவைப்பது படிவம் எஃப், அதாவது கர்ப்பிணிக்குச் செய்யும் ஸ்கேனைப் பதியும் படிவம். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் அதை முழுமையாக நிரப்ப வேண்டும்; மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும்; பதிவேடுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். "ஒரு கட்டம் விட்டுப்போச்சு, எழுத்துப் பிழைதானே" என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு அது. நிரப்பாத படிவத்தைச் சட்ட மீறலாகவே கொள்ளலாம் என்ற பிரிவு அப்படியே நிலைத்தது. பெண் சிசுக்களை இழந்த ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பின் காரணம் புரியும். படிவத்தை ரிசப்ஷனிஸ்டிடம் விட்டுவிடாமல், ஸ்கேன் செய்யும் டாக்டரே அன்றன்றைக்குப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

படத்தை யார் படிப்பது என்பது இயந்திரத்தைவிடப் பெரிய கேள்வி. பளிச்சென்று தெரியும் எலும்பு முறிவை எந்த டாக்டரும் பார்த்துவிடலாம். நெஞ்சு எக்ஸ்ரேயின் ஓரத்தில் இருக்கும் சின்ன நிழல் அப்படியல்ல. ரேடியாலஜிஸ்ட் வாரம் எத்தனை நாள் வருவார், வராத நாளில் ஆன்லைனில் அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் ரிப்போர்ட் வரும், அவசரமாக ஏதாவது தெரிந்தால் யாருக்குப் போன் செய்வார் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது எது சேரவில்லை என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். எக்ஸ்ரே டியூபும், படத்தைப் பதியும் டிஜிட்டல் பேனலும், உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் ப்ரோபும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கெட்டுப்போவதும், கீழே விழுந்து உடைவதும் அவைதான்.

இப்போது அந்த மீதி எட்டு எக்ஸ்ரேக்கு வருகிறேன். இயந்திரம் பக்கத்து அறைக்கு வந்ததும், முன்பு "இரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம்" என்று அனுப்பிய முதுகுவலிக்காரருக்கும் படம் எழுதப்படுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தவணைத் தேதி மனதின் ஓரத்தில் நிற்கிறது, கை தானாக எழுதுகிறது. பணம் கொடுப்பவர் தினக்கூலிக்காரராக இருப்பார். வெளி டாக்டர்களுக்குக் கமிஷன் கொடுத்து எண்ணிக்கையை நிரப்புவது இன்னொரு வழி. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள் அதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. நாளுக்கு நாலு என்றால் நாலுக்கு ஏற்ற இயந்திரம் வாங்குங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளினிக்குகளோடு சேர்ந்து ஒன்றைப் போடுங்கள். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் வாங்க வேண்டாம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், அந்தப் பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நூறு நோயாளிகளில் எத்தனை பேருக்குப் படம் எழுதினோம் என்று மாதம் ஒருமுறை எண்ணி, இயந்திரம் வருவதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஏறியிருந்தால், கூடுதலாக எடுத்த படங்களில் எத்தனை சிகிச்சையை மாற்றின என்று ரிப்போர்ட்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள்.