டிக்கெட் போடுவதற்கு முன் வரைபடத்தைப் படிப்பது எப்படி

"தாய்லாந்துக்கு எந்த மாதம் போகலாம்?" இந்தக் கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது. மேற்குக் கரையில், அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். கடல் கொந்தளிக்கும், கடற்கரைகளில் சிவப்புக் கொடி பறக்கும். கிழக்கே, வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவில் அடைமழை பெய்வதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டுக்கும் நடுவே 300 கிலோமீட்டர்கூட இல்லை. "நவம்பரில் சீசன் ஆரம்பம்" என்று எங்கோ படித்துவிட்டு சமுயில் அறை போட்டவர், ஒரு வாரம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விசா வாங்கத்தான் நாட்டின் பெயர் வேண்டும். பயணத்தைத் திட்டமிட எந்தக் கரை, எவ்வளவு உயரம், எந்த வாரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கையில் மூன்று சாமான் போதும்: மலைகளும் உயரங்களும் தெரிகிற இயற்கை அமைப்பு வரைபடம், போகப்போகும் ஊரின் மாதவாரி மழை, வெப்ப அட்டவணை (தலைநகரின் அட்டவணை உதவாது), அந்த நாட்டின் விடுமுறை நாள் பட்டியல். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும்.

மலை எங்கே, காற்று எங்கிருந்து

முதலில் மலைத்தொடரைத் தேடுங்கள். பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வந்து அதில் மோதுகிறது என்று பாருங்கள். வெப்ப மண்டலத்தில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். 40 முதல் 60 டிகிரி அட்சரேகைக்குள் மேற்கிலிருந்து வரும். பருவக்காற்று நாடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும். மலையில் மோதி மேலேறும் காற்று குளிர்ந்து, ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று.

நியூசிலாந்தின் தென் தீவு இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. மேற்கே மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு மறுபக்கம் இருக்கும் குயின்ஸ்டவுனில் 1,000 மில்லிமீட்டர்கூட இல்லை. ஹவாயின் பெரிய தீவும் அப்படித்தான்: வடகிழக்குக் காற்றை நேரே வாங்கும் ஹீலோ நனைந்துகொண்டே இருக்கும், பெரிய ஹோட்டல்கள் எல்லாம் மேற்கே காய்ந்த எரிமலைப் பாறைகள் மேல் நிற்கின்றன. ஹோட்டல் கட்டுகிறவர்கள் வரைபடத்தைப் படித்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள்.

அட்டவணையைப் பார்க்கும்போது பலர் சறுக்குவது ஆண்டு சராசரியில். மாதவாரி மழையளவோடு மழை நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் மழை எட்டு மாலைகளில் இடியோடு கொட்டித் தீர்ந்தால் காலை நேரம் முழுக்க உங்களுடையது. அதே அளவு இருபது நாள் தூறினால் மலைக்காட்சி ஒன்றும் தெரியாது. வியட்நாமுக்கு "மழைக்காலம்" என்று ஒன்றைச் சொல்வதும் தவறு. தெற்கே ஹோ சி மின் நகரத்தில் மழை ஓயத் தொடங்கும் நவம்பரில் நடுவே இருக்கும் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் ஏறும்.

எல்லா மழையும் எதிரி அல்ல. மில்ஃபோர்டின் பாறைச் சுவர்களில் நூற்றுக்கணக்கில் அருவிகள் இறங்குவது மழை நாளில்தான். பொலிவியாவின் உயுனி உப்புவெளி கண்ணாடியாக வானத்தைக் காட்டுவது ஜனவரி முதல் மார்ச் வரை, மெல்லிய நீர்ப்படலம் தேங்கியிருக்கும்போது. அறுகோண உப்புத் தளமும் நடுவே இருக்கும் கள்ளித் தீவும் வேண்டுமென்றால் வறண்ட மாதங்களில் போக வேண்டும். எந்தப் படம் உங்களை இழுத்தது என்று பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்.

புயலுக்குத் தனிக் கணக்கு. அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர். கரீபியனில் அந்த மாதம்தான் விடுமுறை என்றால் தென்கோடியில், வெனிசுலாவை ஒட்டியிருக்கும் அரூபா, பொனேர், குராசோ தீவுகளைப் பாருங்கள்; புயல்களின் வழக்கமான பாதை அவற்றுக்கு வடக்கே போகிறது.

நீரோட்டத்தையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். லிமா நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரி தெற்கில்தான் இருக்கிறது. ஆனால் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையை உரசிப் போவதால் ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் நிறத்தில் மூடிக்கிடக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஆகஸ்டில் பனிமூட்டம். அங்கே வெயில் பார்க்கச் செப்டம்பர், அக்டோபர். கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கக் கடலில் கோடையிலும் கால் விறைக்கும். நீந்த வேண்டுமென்றால் வெந்நீரோட்டம் தொடும் டர்பனுக்குப் போங்கள்.

உயரம்: வரிசையைத் திருப்பிப் போடுங்கள்

அதிகம் பேர் அவதிப்படுவது இங்கேதான், அதிலும் உடற்பயிற்சி செய்து திடமாக இருப்பவர்கள். உடல் வலுவுக்கும் மலைநோய்க்கும் தொடர்பில்லை. 2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கும் வரலாம். 3,400 மீட்டரில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும்.

பெருவை எடுத்துக்கொள்வோம். வழக்கமான திட்டம் இது: லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ, இரண்டு நாள் ஊர் சுற்றல், பிறகு மச்சு பிச்சு. குஸ்கோ 3,400 மீட்டர். மச்சு பிச்சு 2,430. அதாவது பழகாத உடம்போடு உயரமான இடத்தில் இரண்டு நாள் தலைவலியோடு படுத்துவிட்டு, பழகிய பிறகு தாழ்வான இடத்துக்குப் போகிறீர்கள். இதைத் தலைகீழாக்குங்கள். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே வண்டி பிடித்து உருபாம்பா பள்ளத்தாக்குக்கு (சுமார் 2,870 மீட்டர்) இறங்கிவிடுங்கள். அங்கே ஓயன்டைடாம்போ ஊரில் இரண்டு இரவு, அங்கிருந்து ரயிலில் மச்சு பிச்சு, கடைசி இரண்டு நாள் குஸ்கோ. செலவும் கூடுவதில்லை, நாளும் கூடுவதில்லை. பொலிவியாவின் லா பாஸிலும் இதே தந்திரம் பலிக்கும்: விமான நிலையம் 4,061 மீட்டர் உயர எல் ஆல்டோவில் இருக்கிறது, நகரத்தின் தெற்குப் பகுதி அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வு. முதல் இரவு அங்கே தங்குங்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனபின் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓர் இரவு அதே உயரத்தில். பகலில் இன்னும் மேலேறலாம், படுக்க இறங்கிவிட வேண்டும். திபெத்தின் லாசாவுக்கு ரயிலில் போனால் மெதுவாகப் பழகிவிடும் என்பார்கள். 2,260 மீட்டர் ஷினிங்கிலிருந்து புறப்படும் ரயில் ஒரு நாளுக்குள் 5,072 மீட்டர் டாங்குலா கணவாயைக் கடந்துவிடுகிறது. பழகுவதற்கு உடம்புக்கு அவகாசமே இல்லை. ஷினிங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுவது பயன் தரும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

துணிக்கும் உயரக் கணக்கு உதவும். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் கழியுங்கள். கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல் மட்டத்தில் 30 டிகிரி என்று வைத்தால் 5,895 மீட்டர் உச்சியில் 38 டிகிரி கழிந்து மைனஸ் 8; காற்று வீசினால் இன்னும் கீழே.

கிலோமீட்டரை மணியாக மாற்றுங்கள்

மேலே சொன்ன அந்த 70 கிலோமீட்டர்: குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டுக்குச் சாலை மலையைச் சுற்றித் தெற்கே இறங்கி மீண்டும் ஏறுகிறது. மொத்தம் 290 கிலோமீட்டர் அளவு, ஒரு வழிக்கு நான்கு மணி நேரம். தட்டையான நெடுஞ்சாலைக்கு மணிக்கு 90, சாதாரணச் சாலைக்கு 60, மலைச்சாலைக்கு 35, மண் சாலைக்கு 20 கிலோமீட்டர் என்று போட்டுக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். படகுத்துறை இருந்தால் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

சாலை இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது அடுத்தது. ஐஸ்லாந்தின் உட்பகுதியில் இருக்கும் 'எஃப்' சாலைகள் கோடையில் மட்டும் திறக்கும், நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே அனுமதி. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. அலாஸ்காவிலிருந்து வண்டி ஓட்டி வருபவர்கள் பனாமாவில் வண்டியைக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். மொராக்கோ–அல்ஜீரியா தரை எல்லை 1994 முதல் மூடிக்கிடக்கிறது. வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்றாவது நாடு வழியாக விமானம் ஏற வேண்டியிருக்கும்.

கடலோரத்தில் கிலோமீட்டரோடு ஓத அட்டவணையும் (கடல் நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற பட்டியல்) வேண்டும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 16 மீட்டர்வரை வித்தியாசம். அங்கே ஹோப்வெல் பாறைகளின் அடியில் நடக்க, வற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்பும் பின்பும்தான் இடம் கிடைக்கும். ஆறு மணி நேரம் கழித்து வந்தால் நடந்த தரைக்கு மேல் படகு மிதக்கும். வற்ற நேரம் தினமும் 50 நிமிடம் தள்ளிப்போவதால் நேற்றைய நேரத்தை நம்பிப் போகக் கூடாது.

சூரியனும் கடிகாரமும்

நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுவரை சூரியன் உதிப்பதில்லை. மே இறுதி முதல் ஜூலை இறுதிவரை மறைவதில்லை. துருவ ஒளி பார்க்க ஜூனில் போகிறவர்கள் உண்டு. வானம் இருண்டால்தானே தெரியும்?

கடிகாரம் சூரியனைப் பின்பற்றும் என்றும் நம்பிவிடாதீர்கள். மாட்ரிட், எடின்பரோவுக்கும் கொஞ்சம் மேற்கே இருக்கிறது, ஆனால் 1940 முதல் பெர்லின் நேரத்தில் ஓடுகிறது. ஜூலையில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் சுமார் 2:20-க்கு. அதனால்தான் மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு மேல். பயணத் திட்டத்தில் இதன் பொருள்: வெயில் உச்சம் மாலை ஐந்து, ஆறு மணிக்கு. "நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம்" என்றால் சரியாக அடுப்புக்குள் இறங்குவீர்கள். வெளியே சுற்றுவதைப் பகல் ஒரு மணிக்குள் முடித்துக்கொண்டு, மீண்டும் எட்டு மணிக்குப் புறப்படுங்கள்.

சீனா முழுவதற்கும் ஒரே நேரம். மேற்குக் கோடியில் காஷ்கரில் நண்பகல் ஏறத்தாழ மூன்று மணிக்கு. ஊர்க்காரர்கள் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தைப் புழங்குகிறார்கள். ரயிலும் விமானமும் பெய்ஜிங் நேரத்தில். யாராவது "பத்து மணிக்கு வாருங்கள்" என்றால் எந்தப் பத்து என்று கேட்டுவிடுங்கள்.

எந்த வாரம்

ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகரும். 2030-ல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலும் இருமுறை தொடங்கும். அந்த மாதத்தில் பகலில் உணவகங்கள் பல மூடியிருக்கும், அலுவலக நேரம் சுருங்கும், சூரியன் மறைந்த பின் ஊர் விழித்துக்கொள்ளும். போகக் கூடாது என்பதில்லை. பார்க்க வேண்டியதைக் காலையிலும், சாப்பாட்டை இரவிலும் வைத்துக்கொண்டால் போதும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே எங்காவது விழும். அதன் முன்னும் பின்னும் ரயிலில் இடம் கிடைக்காது. அக்டோபர் முதல் வாரமும் சீனாவில் அதே கதை. ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தவிருங்கள். இஸ்ரேலில் வெள்ளி பிற்பகல் முதல் சனி மாலைவரை பெரும்பாலான பேருந்தும் ரயிலும் நிற்கும். வெள்ளி இரவு விமானம் இறங்கினால் டாக்சிதான். பாலியில் நியெபி என்ற மௌன நாளன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும், தெருவில் யாரும் நடமாடக் கூடாது, நீங்களும் ஹோட்டலுக்குள்தான். பெரும்பாலும் மார்ச்சில் வரும். தேதியைப் பார்க்காமல் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

அனுமதி முதலில், விமானம் பிறகு

எது குறைவாகக் கிடைக்கிறதோ அதை முதலில் பதிவு செய்யுங்கள். மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா மலைப்பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர். அதில் வழிகாட்டிகளும் சுமைதூக்குபவர்களும் அடக்கம், ஆகவே பயணிகளுக்கு மிஞ்சுவது பாதிக்கும் கீழே. பிப்ரவரியில் பாதை மூடியிருக்கும். பவளப்பாறைகள் நாசமானதால் 2018-ல் மூடிய தாய்லாந்தின் மாயா விரிகுடா 2022 ஜனவரியில் திறந்தது. இப்போதும் ஆண்டுக்கு இரண்டு மாதம் மூடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையின் மேல் ஏறுவது அங்குள்ள அனங்கு மக்களுக்கு மனவருத்தம். 2019 அக்டோபர் 26 முதல் தடை. பழைய வழிகாட்டி நூலில் ஏறும் பாதை போட்டிருந்தால் நம்பாதீர்கள். அடிவாரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் நடக்கலாம். அதுவே அருமையான நடை.

கடைசியாக, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுவான ஷெங்கனின் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். இந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிவதில்லை. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. பாரிஸிலிருந்து டப்ளின் போய்விட்டு மறுபடி பாரிஸ் வழியாக ஊர் திரும்புவதாக இருந்தால், ஒருமுறை நுழைவு விசா போதாது. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு என்று கேட்டு வாங்குங்கள். நுழைகிற நாள், வெளியேறுகிற நாள் இரண்டையும் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள்.