கண்ணாடி இருந்தும் கண்ணுக்குக் காவல் இல்லை

திருகோணமலை, உப்புவெளியில் எங்கள் கடையில் சிரட்டையில் பெயர் பொறிக்க 10 வாட் நீல லேசர் வைத்திருக்கிறோம். அலைநீளம் 450 நானோமீட்டர், ஆபத்து அளவில் லேசர்களின் உச்ச வகுப்பான வகுப்பு 4. அரை வாட்டைத் தாண்டினாலே அந்த வகுப்புத்தான். நேர்க்கதிர் மட்டுமல்ல, பட்டுச் சிதறும் ஒளிகூட விழித்திரையைச் சுடலாம். தோலையும் எரிக்கும்.

ஒருநாள் தம்பி, “அண்ணா, கண்ணாடி போட்டும் புள்ளி கண்ணைக் கூசுது” என்றான். உடனே நிறுத்தினேன். கண்ணாடி ஓரத்தில் இருந்த எண்ணை அப்போதுதான் வாசித்தேன்: 1064. அந்தக் கண்ணாடி 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஃபைபர் லேசர் என்ற வேறு வகைக்கானது, நீலத்தைத் தடுக்காது. நெஞ்சு பதறிவிட்டது. அன்றே கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்லவேளை, பாதிப்பில்லை.

அப்புறம் 450க்கு ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் அளவு) 6 என்று குறித்த கண்ணாடி வாங்கினோம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் அதைக் கடக்கும். ஆனால் கடை வாசலில் எட்டிப்பார்க்கும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி ஏது? அதுதான் என்னை உறுத்தியது. இயந்திரம் முழுவதையும் தகரப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளே மங்கல் கறுப்புப் பூசி, மூடி திறந்தால் லேசர் அணையும்படி சுவிட்ச் பூட்டினோம். வேலையை இப்போது சின்னக் கேமராவில்தான் பார்க்கிறோம்.