முதல் ஆல்பத்தில் மழை பெய்யக் கூடாது: ஈமோ பேண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பேண்டின் முதல் ஆல்பத்தில், மூன்றாவது பாட்டு பாதி போனதும் மழை பெய்யும். கேட்டவர்களில் பலர் அதை ஈமோ (மனவேதனையைக் கொட்டிப் பாடும் ராக்) பாட்டுக்கென்றே சேர்த்த எஃபெக்ட் என்று நினைத்துப் பாராட்டினார்கள். உண்மை என்னவென்றால், மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மண்டபத்தில், நவம்பர் மாதத்து மதியம் மூன்று மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து டிரம்ஸ் பதிவுசெய்த புத்திசாலிகள் நாங்கள்.

அது 2008இல். இப்போது அதே ஊரில் ஐந்து பேர் தங்கள் முதல் ஆல்பத்துக்குத் தயாராகிறார்கள். நான்கு பையன்கள், பேஸ் வாசிப்பது ஒரு பெண். ஈமோவும் போஸ்ட் ஹார்ட்கோரும் (கத்தலும் மெல்லிசையும் மாறிமாறி வரும் முரட்டு ராக்) கலந்த தமிழ்ப் பாடல்கள். வாரத்துக்கு ஒருமுறை மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது சரியா, அது சரியா" என்று குடைகிறார்கள். அவர்களிடம் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது: பிறகு திருத்த முடியாதது எதுவோ அதற்குத்தான் காசும் நேரமும் முதலில் போக வேண்டும். கிதார் டோனைப் பிறகு மாற்றலாம். டிரம்ஸ், தொண்டை, சொல் இந்த மூன்றும் பதிவானது பதிவானதுதான்.

பாட்டு முடியாமலே ஸ்டூடியோவுக்குப் போவது எல்லாப் புது பேண்டும் செய்வது. "பிரிட்ஜை அங்க போய்ப் பாத்துக்கலாம்டா" என்று ஒருவர் சொல்வார் (பிரிட்ஜ் என்றால் பாட்டின் நடுவில் வரும் மாறுபட்ட பகுதி). அங்கே மணிக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஒரு பிரிட்ஜுக்காக நாங்கள் ஒரு முழு மாலையும் சண்டை போட்டோம். ஒலிப்பதிவாளர் பாவம், பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே ஜாமிங் அறையின் நடுவில் கைப்பேசியை வைத்து, ஒவ்வொரு பாட்டையும் நிறுத்தாமல் முழுதாக வாசித்துப் பதிவுசெய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் கேளுங்கள். எங்கே உங்கள் கவனம் வேறு எங்கோ போகிறதோ அங்கே கத்தரி வையுங்கள்.

போஸ்ட் ஹார்ட்கோரில் இது இன்னும் முக்கியம். சரணம், பல்லவி என்ற கட்டுக்கோப்பு இதில் தளர்ந்தது என்பதால், கையில் கிடைத்த ஏழு ரிஃப்பையும் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டு) வரிசையாகக் கட்டிப் பூக்கடைக் கதம்பம்போல் ஆக்கிவிடுவோம். எங்களிடம் 13 பாட்டு இருந்தது. நேர்மையாகச் சொன்னால் அதில் ஐந்துதான் பாட்டு. நல்லதாக எட்டு இருந்தால் அரை மணி நேரம் நிறைந்துவிடும், அதுவே போதும்.

அடுத்து டிரம்ஸ். நம் ஊர்ப் பக்கத்தில் டிரம்மர் எங்கிருந்து வருகிறார்? பத்தில் பாதிப் பேராவது கோயில் உருமி மேளக் குழுவிலிருந்து வருகிறார்கள் என்று நான் தைரியமாகப் பந்தயம் கட்டுவேன். தைப்பூசத்துக்குக் காவடிக்கு முன்னால் மணிக்கணக்கில் அடித்தவர்களின் கைப்பலத்துக்கு ஈடே இல்லை. ஆனால் உருமியில் வேகம் ஏறுவதுதான் அழகு. சாமி வரும்வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கை கிளிக் சத்தத்தோடு (வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) உட்காரும்போது இரண்டாவது நிமிடத்திலேயே முந்திப் போய்விடும். நாங்கள் செய்த தவறு, கிளிக்கைத் தூக்கி எறிந்தது. பாட்டு நிமிடத்துக்கு 150 தட்டில் தொடங்கி 166இல் முடிந்தது. அதன்மேல் கிதார்களைச் சேர்த்தபோது ஒருவருக்கும் இடம் பிடிபடவில்லை.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. பாட்டு முழுக்க ஒரே எண்ணில் கிளிக்கை வைத்து, டிரம்மரின் உயிரையே எடுத்துவிடுவது. நடுவழி இருக்கிறது. ஜாமிங் பதிவில் உங்கள் டிரம்மர் இயல்பாக எங்கே ஏறுகிறார், பிரேக்டவுனில் (வேகம் குறைந்து கனமாகும் பகுதி) எவ்வளவு இறங்குகிறார் என்று அளந்து, அதே ஏற்ற இறக்கத்தைக் கிளிக்கிலும் அமைத்துவிடுங்கள். சரணம் 152, கோரஸ் 156 என்று இருக்கலாம். அப்புறம் அந்தக் கிளிக்கோடு ஒரு மாதம் பழக வேண்டும். பதிவு நாளன்று முதல்முறை காதில் மாட்டினால் உதவாது.

இன்னொன்று: இளம் டிரம்மர்கள் சிம்பலை (உலோகத் தட்டு) வெளுத்து வாங்குவார்கள், ஸ்னேரை (சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) தடவுவார்கள். மேலே தொங்கும் மைக் முழுவதும் சிம்பல் இரைச்சல் நிரம்பினால் எந்த மிக்ஸிங் மன்னனாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சிம்பலை மெதுவாக, ஸ்னேரை ஓங்கி. டிரம்ஸ் தோலையும் பழசாகவே விடாதீர்கள். பதிவுக்கு ஓரிரு நாள் முன்பு புதிது மாட்டி, அடித்துப் பழக்கி, சுருதி நிற்கிறதா என்று பாருங்கள். கூரையைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

(பிரேக்டவுனில் உருமி சேர்க்கலாமா என்று பையன்கள் கேட்டார்கள். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் இந்த இசைக்கு நன்றாகவே பொருந்தும். பாட்டுக்கு அது தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். "நாங்க தமிழ் பேண்டு" என்று காட்டுவதற்காக என்றால் வேண்டாம்.)

கிதாரில் விரைவாகவே கடந்துபோகலாம். சுருதியை டிராப் சி வரைக்கும் (வழக்கத்தைவிட மிகத் தாழ்வாக) இறக்கிவிட்டு, கடையில் வாங்கியபோது இருந்த மெல்லிய கம்பியையே வைத்திருப்பது பெரிய தவறு. ஆறாவது கம்பி கொடியில் காயும் துணிபோல் தொங்கும். ஓங்கி அடித்தால் சுருதி மேலே ஏறி இறங்கும். கனமான கம்பி மாட்டி, கிதாரில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜைச் சரிசெய்து, ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு ட்யூனரைப் பாருங்கள். வெயிலில் வந்த கிதார் ஏர்கான் அறைக்குள் நுழைந்ததும் சுருதி மாறும் என்பதால் அரை மணி நேரம் சும்மா இருக்கவிடுங்கள். ஆம்ப் சத்தத்தைப் பதிவுசெய்யும்போதே, கிதாரிலிருந்து நேரடியாக வரும் சுத்தமான சிக்னலையும் தனித் தடத்தில் எடுத்துவைத்தால், டோன் பிடிக்காவிட்டால் நாளைக்கு அதை வேறு ஆம்பில் ஓட்டிக்கொள்ளலாம். இதை 2008இல் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி நான் அதிகம் பேச விரும்புவது தமிழில் ஸ்க்ரீம் செய்வதை, அதாவது கத்திப் பாடுவதைப் பற்றி. ஆங்கிலப் பாட்டில் கத்திப் பழகியவர்கள் தமிழுக்கு வந்ததும், கை போன இடத்தில் எல்லாம் நீட்டுகிறார்கள். தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே வேறாகிவிடும். எங்கள் கோரஸ் "என்னை எரி" என்று முடியும். பாடகர் உயிரைக் கொடுத்து அந்தக் கடைசிச் சொல்லை நீட்டினார். பதிவைக் கேட்ட என் அம்மா, "எந்த ஏரியப்பா அது, தைப்பிங்கா?" என்று கேட்டார் (எங்கள் மாநிலத்தில் ஏரிக்குப் பேர்போன ஊர் அது). விடு வீடாகும், கொடு கோடாகும், மனம் மானமாகும். கத்தலின் கரகரப்பில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும் என்பதால் மழையா மலையா என்றும் தெரியாது.

வழி, எழுதும்போதே பார்த்து எழுதுவதுதான். நீட்டிக் கத்த வேண்டிய இடத்தில் நெடில் உள்ள சொல்லை வையுங்கள். "நெருப்பு" வேண்டாம், "தீ" போதும். வா, போ, ஏன், நான், நீ என்று இந்த இசைக்குத் தேவையான சொற்கள் பாதி நெடிலாகவே இருப்பது நம் அதிர்ஷ்டம். "காற்று" என்றால் "கா"வில் நீட்டி, கடைசி "று"வைச் சட்டென்று மூடுங்கள்; "காற்றூஊ" என்று இழுத்தால் ஐஸ்கிரீம்காரர் கூவுவதுபோல் இருக்கும். வாத்தியார் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அளபெடை ஞாபகம் இருக்கிறதா? இசை குறையும் இடத்தில் நெடிலைத்தான் நீட்டி, பக்கத்தில் அதன் இனக் குறிலை எழுதுவார்கள்: ஓஒதல், தூஉம். அன்றைக்குத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது இன்றைக்கு ஸ்க்ரீமுக்கு உதவுகிறது. பேஸ் வாசிக்கும் தங்கை இதைக் கேட்டதும் பாட்டு நோட்டை எடுத்து நீட்டும் எழுத்துகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டாள்.

தொண்டை விஷயத்தில் வீரம் வேண்டாம். சரியான ஸ்க்ரீமில் உரசுவது பெரும்பாலும் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகள். மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். வலித்தால் முறை தவறு என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். எட்டுப் பாட்டின் கத்தலையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது ஸ்டூடியோ வாடகையை மிச்சப்படுத்தி ஆல்பத்தைக் கெடுக்கும் வேலை. நாளுக்கு இரண்டு பாட்டு, அதுவும் மெல்லிய பாடல் பகுதிகளை முதலில் பாடிவிட்டு. கம்மிய தொண்டையோடு கிசுகிசுவென்று பேசுவதும் அதற்கு ஓய்வு ஆகாது, பேசாமல் இருங்கள்.

பாடல் வரிகளில் இரண்டு பள்ளம் பார்க்கிறேன். ஒன்று, டிசம்பர், பனி, உறைந்த ஜன்னல். பேராக்கில் பிறந்த நமக்கு எதற்குப் பனி? (ரயில் நிலையம் மட்டும் இருக்கட்டும், அது நம் ஊரில் உண்மையாகவே இருக்கிறது.) இன்னொன்று, அதைவிடச் சங்கடமானது: பால்மரம் (ரப்பர்), தாத்தா, லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), கண்ணீர். பேண்டில் ஒருவர்கூட வெட்டுக்கத்தியைத் தொட்டதில்லை. தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, வீட்டார் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகு பிறந்தவர்கள். தாத்தாவின் வலியைக் கடன் வாங்கிக் கத்தினால் போலி என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவர்களின் நான்காவது பாட்டு, அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் சும்மா நிற்கும் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பற்றியது. அதில் தோட்டம் என்ற சொல்லே இல்லை. எனக்குப் பிடித்த பாட்டு அதுதான்.

பெரிய ஸ்டூடியோ இருந்தால்தான் ஆல்பம் என்று நினைத்துக் கடன் வாங்குவதும் வேண்டாம். ஈமோ என்று பிறகு பெயர் பெற்ற இசை 1980களின் நடுவில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ஹார்ட்கோர் (வேகமான பங்க் ராக்) வட்டத்தில் பிறந்தது. அதன் தொடக்கமாகப் பலரும் சொல்லும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பேண்டின் ஒரே முழு ஆல்பம் 1985இல் வந்தது. அது பதிவான இன்னர் இயர் ஸ்டூடியோ அப்போது ஒரு வீட்டின் நிலவறை. இடத்தைவிடக் காது முக்கியம். அமெரிக்க ராக் பேண்டான மை கெமிக்கல் ரொமான்ஸ் 2002இல் முதல் ஆல்பம் போட்டபோது அதைத் தயாரித்தவர், அதே நியூ ஜெர்சி வட்டத்தில் தர்ஸ்டே பேண்டில் பாடிக்கொண்டிருந்த ஜெஃப் ரிக்லி. உங்கள் இசையைப் புரிந்த, பேண்டில் இல்லாத ஒருவர் அறையில் இருந்தால் "இந்த டேக் வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருக்கும். திருமணப் பாட்டும் விளம்பரமும் மட்டுமே பதிவுசெய்து பழகிய ஒருவர் எங்கள் ஸ்க்ரீமைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு உடம்பு சரியில்லையா, நாளைக்கு வரலாமே" என்று அன்பாகச் சொன்னார்.

பிடிக்காததைத் தூக்கிப் போடவும் பயப்படாதீர்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி பேண்டினர் தங்கள் மூன்றாவது ஆல்பத்துக்காக 1992இல் சிகாகோ போய், பேர்பெற்ற ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் பதிவுசெய்தார்கள். கேட்டபோது திருப்தியில்லை. ஊருக்குத் திரும்பி, பழைய இன்னர் இயரிலேயே மறுபடி பதிவுசெய்து 1993இல் வெளியிட்டார்கள். அல்பினியே ஆனாலும் சரி, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான்.

மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) சத்தத்தை நசுக்கி ஏற்றிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும். மெல்லிய கிதாரிலிருந்து வெடிக்கும் இடம் மட்டும் தட்டையாகிப் போய்விடும். மிக்ஸைக் கைப்பேசியிலும் யாராவது ஒருவரின் மைவி காரிலும் போட்டுக் கேளுங்கள்.

பேண்டுக்குள் பேச வேண்டியதை ஆல்பம் வரும் முன்பே பேசிவிடுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை உருவாக்கி எழுத்திலோ பதிவிலோ கொண்டுவந்ததுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) அறிவிப்புப் பதிவு செய்வது விருப்பத்தைப் பொறுத்தது, ஆனால் தகராறு வந்தால் கைகொடுக்கும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, நாளை ஒருவர் விலகினால் என்ன என்று ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பில் சந்தேகமா என்று ஒருவர் முறைப்பார், முறைக்கட்டும். அப்பா கேட்கும் பழைய சினிமாப் பாட்டிலிருந்து பத்து விநாடி வெட்டி முன்னால் ஒட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். அனுமதி இல்லாமல் ஒட்டினால் ஆல்பமே இறக்கப்படலாம். பாட்டின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் தொகுப்பவர்களுக்கு அனுப்ப விரும்பினால் வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு பாட்டு ஏறியிருக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் மட்டும் வெளியிடாதீர்கள், உங்கள் பாட்டியே கேட்க மாட்டார்.

கடைசியாக, கோப்புகள். எங்கள் ஆல்பத்தை மிக்ஸ் செய்த இடம் ஓராண்டுக்குள் மூடிக்கொண்டது. தனித்தனித் தடங்கள் எல்லாம் அங்கிருந்த கணினியோடு போயின. இப்போது எங்களிடம் மிஞ்சியிருப்பது தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் எம்பி3 மட்டும், அதனால்தான் அந்த மழையை இன்றுவரை எடுக்க முடியவில்லை. மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு, எல்லாத் தடங்களும் ஒரே தொடக்கத்திலிருந்து 24 பிட் வேவ் கோப்புகளாக உங்கள் ஹார்ட்டிஸ்க்கில் ஏறியிருக்கின்றனவா என்று, அங்கேயே வேறொரு மடிக்கணினியில் திறந்து பாருங்கள். போன வாரம் அந்தத் தங்கை இரண்டு ஹார்ட்டிஸ்க் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். ஒன்று அவள் அறையில் இருக்குமாம், இன்னொன்று டிரம்மரின் பாட்டி வீட்டு அலமாரியில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில்.